பாறையில் ஒன்றரை ஜிபி

1

நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடம் முடிந்த அன்று, அம்மாவின் முகம் என் கைப்பேசியில் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. வெயிலுக்காக முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் காசியம்மா அத்தையின் காதும் மூக்குத்தியும் மட்டும் தெரிந்தன. நான் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்.

"டிக்கெட் போட்டுடலாமாம்மா?"

பதில் வரவில்லை, ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்த மாதத்துக்கு உங்களுக்கு உரிய அதிவேக அளவு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதி வரை குறைந்த வேகத்தில் தொடரலாம், உங்கள் புரிதலுக்கு நன்றி. அன்று தேதி பத்தொன்பதுதான். மாதத்துக்குப் பத்து ஜிபி. அதற்குப் பிறகு வரும் குறைந்த வேகத்தில் ஒரு போட்டோ திறப்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி அடங்கிவிடும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சத்யா. கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் வரும் முப்பது வீட்டு ஊர் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழிப் பரீட்சையை இரண்டாவது முறையில் தேறி இங்கே வந்தேன். இதை எங்கே போனாலும் சொல்வேன். அடக்கமாக இருப்பதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

என் கணவர் குமரேசன் களமருதூர்க்காரர். இங்கே ஒரு இயந்திரப் பட்டறையில் வேலை செய்கிறார். எனக்கு இப்போது ஏழாவது மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் ஆரம்பத்திலிருந்தே இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்ததால் விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் போக முடியாது, அதனால் அம்மா வர வேண்டும். வருவாளா மாட்டாளா என்பதுதான் அந்த உறைந்த முகத்தில் நின்றுபோன பதில்.

2

எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஏறினால் ஒரு பெரிய பாறை வரும். அதன் கிழக்கு நுனியில், இரண்டு பாய் விரிக்கும் இடத்தில் மட்டும் சிக்னல் நிற்கும். ஊரே அங்கே போய்த்தான் பேச வேண்டும். கேரளத்துக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன மகன்களோடு, திருப்பூருக்குப் போன பெண்களோடு, ஜெர்மனிக்குப் போன என்னோடு.

பாறையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். காதில் விழாதது போல் யாரும் நடிக்க மாட்டார்கள். அதற்கு ஒரு காரணமும் உண்டு. பேச்சு நடுவில் அறுந்து திரும்ப வரும்போது, பேசுகிறவருக்கு எங்கே விட்டோம் என்று மறந்துபோகும். பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். "மாத்திரை வாங்குனியான்னு கேட்ட, அங்க நிக்குது" என்பார்கள். பேச்சு அங்கிருந்து தொடரும். இது எங்கள் ஊர் மரியாதை. எடுத்துக் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பவரைத்தான் திமிர் பிடித்தவர் என்பார்கள்.

அம்மாவின் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவள் தொட்டதில்லை. போன் விற்ற கடைக்காரர், நெட்டை ஆனில் விட்டால் தானாகத் தீர்ந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கு நெட் என்பது குடத்துத் தண்ணீர். பேசி முடித்ததும் அணைத்துவிட வேண்டும். அதனால் நான் திங்கட்கிழமை அனுப்பும் குரல் செய்தி ஞாயிற்றுக்கிழமைதான் போய்ச் சேரும். ஏழு நாள் செய்திகளையும் வரிசையாகக் கேட்டுவிட்டு, வியாழக்கிழமை எனக்கு வந்து வெள்ளிக்கிழமை போய்விட்ட தலைவலிக்கு ஞாயிற்றுக்கிழமை கஷாயம் சொல்வாள்.

ஒன்றரை ஜிபியில் மிச்சமாவது மறுநாளுக்குச் சேராது என்று ஒருமுறை விளக்கினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"மிச்சத்த எங்க கொண்டு போறானுங்க?"

எனக்குத் தெரியவில்லை. ஜெர்மன் மொழி வரை படித்த எனக்கே தெரியவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

இந்தப் பாறையில்தான் அம்மா வருகிறேன் என்று சொன்னாள். நான் உண்டாகியிருக்கிறேன் என்று சொன்ன அன்றே கேட்டேன், சுற்றி எட்டுப் பேர் இருக்க. "வராம?" என்றாள். காசியம்மா அத்தை, அம்மாவின் நாத்தனார், ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருப்பவர், உடனே தலையை நுழைத்தார்.

"இன்னாடி சத்யா, அம்மாவ மட்டும் கூட்டிக்கினு போற? எங்களயும் ஒரு மூட்டையா கட்டி ஏத்திக்கினு போ."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் கேட்பேன், அம்மா வருகிறேன் என்பாள், பாறை சிரிக்கும். பாஸ்போர்ட் எடுக்க அப்பாவோடு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். ஆதாரில் அம்மாவின் பிறந்த நாள் ஜனவரி ஒன்று, அப்பாவுக்கும் ஜனவரி ஒன்று, காசியம்மா அத்தைக்கும் அதேதான். எப்படியோ பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதைப் பாறையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மலையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் முதல் அம்மா என்று நான் இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

3

பாலும் தேனும் ஓடும் நாட்டில் இணையம் மட்டும் ஏன் சொட்டுகிறது என்று ஊரில் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுத வேண்டும்.

நாங்கள் இந்த வீட்டுக்கு மாறியது டிசம்பரில். வீட்டு இணைப்புக்கு அன்றே எழுதிப் போட்டோம். முதலில் ஒப்பந்தம் தபாலில் வந்தது. பிறகு தேதி தபாலில் வந்தது. பிறகு அந்தத் தேதி சரிப்படாது என்ற வருத்தம் தபாலில் வந்தது. கடவுச்சொல் தனியாக, பாதுகாப்புக்காக, தபாலில் வந்தது. எட்டாவது வாரம், காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் ஆள் வருவார் என்றார்கள். நான் குளியலறைக் கதவைக்கூட மூடாமல் காத்திருந்தேன். நான்கு மணிக்குக் கீழே போய்ப் பார்த்தால் தபால் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு: வீட்டில் ஆள் இல்லை.

கோபத்தோடு உதவி எண்ணை அழைத்தேன். கைப்பேசி இணைப்பு மெதுவாக இருக்கிறது, வீட்டு இணைப்பு வரவே இல்லை என்று சொல்ல வேண்டும். கோபத்தில் ஜெர்மன் என்னைவிட்டு ஓடிவிடும். "நான் ரொம்ப மெதுவாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் இருந்த அம்மாள் மிகவும் அன்பாக, பரவாயில்லை, எனக்கு நேரம் இருக்கிறது, நிதானமாகச் சொல்லுங்கள் என்றார். குமரேசன் அதை இன்றுவரை மறக்கவில்லை. நான் காய் நறுக்கும்போதெல்லாம் அந்த அம்மாளின் குரலில் நிதானமாகச் செய்யுங்கள் என்கிறார்.

என்னோடு வார்டில் வேலை செய்யும் ருமேனியாக்காரி இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஊரில் மலையில் ஆடு வைத்திருக்கும் அவள் மாமா வீட்டில்கூட ஃபைபர் இருக்கிறதாம், இங்கே இருப்பதைப்போலப் பல மடங்கு வேகமாம். வேலைக்கு இங்கே வருகிறோம், படம் பார்க்க ஊருக்குப் போகிறோம் என்றாள். ஃபிலிப்பைன்ஸ் பெண் சொன்னதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பெட்டிக்கடை ஞாபகம் வந்தது. அவள் ஊரில் நெட்டை ஷாம்பு பாக்கெட் போல வாங்குவார்களாம். இன்றைக்கு மட்டும், இந்த ஒரு ஆப்புக்கு மட்டும் என்று. துபாயில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கோ வேகத்துக்குக் குறையே இல்லை. சினிமா கண்ணாடி மாதிரி ஓடும். ஆனால் நம் ஊர் ஆட்கள் பேசும் ஆப்பில் முகம் பார்த்துப் பேச அங்கே அரசாங்கம் விடுவதில்லை. அவன் தன் மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறான், அவள் பதிலுக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறாள். அப்பாவும் மகளும் ஒருநாள் தள்ளியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

வேகம் என்று எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். ஒவ்வொரு நாடும் அதைத் தன் குணத்துக்கு ஏற்றபடி அளந்து கொடுக்கிறது.

எங்கள் தெருவில் கமலா அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருடைய ஆறு வயது மகனுக்கு அம்மம்மா என்றால் திரைதான். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது படம் நின்றுபோனது. பிள்ளை ஜெர்மன் மொழியில், அம்மம்மா லோட் ஆகிறார் என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டியா ராசா?" என்ற குரல் வந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. கமலா அக்கா ஓடிவந்து, "சாப்பிட்டவன் அம்மா" என்று பதில் சொன்னார். அவன் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே நடந்தேன். என் பிள்ளையை முதலில் தூக்கும் கை அம்மாவுடையதாக இருக்க வேண்டும், திரையில் இல்லாமல், வெறும் கையாக. அன்றுதான் அது எனக்கு ஆசையிலிருந்து பிடிவாதமாக மாறியது.

4

இங்கே இணைப்பு வராத கோபத்தில், ஊரில் ஒன்று போட்டுவிட்டேன்.

வடக்கனந்தலில் ஒரு கேபிள்கார அண்ணன் இருக்கிறார். மின்கம்பத்தோடு ஃபைபர் இழுத்துக் கரியாலூர் வரை கொண்டுவந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊருக்கு இழுக்க முடியுமா என்று கேட்டேன். குரங்கு ஊஞ்சலாடாத இடமாகப் பார்த்து இழுக்க வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம் என்றார். மூன்றே நாளில் இழுத்துவிட்டார். தபால் இல்லை, தேதி இல்லை, வருத்தமும் இல்லை. காலையில் வந்தார், அம்மா கொடுத்த சாமைச் சோற்றைச் சாப்பிட்டார், சாயங்காலம் போனார். கல்வராயன் மலையில், ஓட்டு வீட்டில், நாற்பது எம்பி வேகம். ஜெர்மனியில், லிஃப்ட் வைத்த கட்டடத்தில், எனக்குப் பூஜ்யம். இதைவிடப் பெருமையான ஒரு வாரம் எனக்கு இருந்ததில்லை.

அம்மா அந்தப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, பேசி முடித்ததும் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தது. ஏன் அணைத்தாய் என்றால், ஆனிலேயே இருந்தால் தீர்ந்துவிடும் என்றாள். இது அளவில்லாத திட்டம், எவ்வளவு பேசினாலும், பேசாமலே திறந்து வைத்திருந்தாலும் தீராது என்றேன்.

"தீராதது ஒன்னு ஒலகத்துல இருக்குதா?" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அணைத்துவிட்டாள்.

5

பாறையும் இல்லாமல், பக்கத்தில் யாரும் இல்லாமல் அம்மாவோடு நான் பேசிய முதல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு அப்போது டேட்டா புதிதாக வந்திருந்தது. அப்பா வெள்ளிமலை சந்தைக்குப் போயிருந்தார். அம்மா போனைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை உடைத்து, நாரை இழுத்து, கத்தி முனையால் கொட்டையைத் தள்ளி. இந்தப் பருவத்தில் எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் இந்தச் சத்தம்தான். தனியாக அவளைப் பார்ப்பது எனக்குப் புதிதாக இருந்தது. பாறையில் பேசும் அம்மாவுக்குக் குரல் பெரியது, பதில்கள் உடனுக்குடன் வரும். இவள் வேறு ஆள் மாதிரி இருந்தாள்.

அடுத்த வாரம் சென்னையில் விசாவுக்குப் போக வேண்டும். அதைச் சொன்னேன். யார் கூட்டிக்கொண்டு போவார்கள், என்னென்ன காகிதம், எந்தப் பையில் எது. பேசிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. புளி தட்டும் சத்தமும் நின்றிருந்தது. கத்தி கையில் அப்படியே இருந்தது.

"அம்மா, நின்னுபோச்சா? கேக்குதா?"

நெட்தான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அணைத்துவிட்டு மறுபடி அழைக்கலாம் என்று விரலை வைத்தபோது அம்மா கண்ணைச் சிமிட்டினாள். படம் நிற்கவில்லை. அவள்தான் நின்றிருந்தாள். நான் ஜெர்மனிக்கு வந்த மூன்று வருடத்தில் அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எப்போது சத்தம் நின்றாலும் பழியை நெட்டின் மேல் போட்டுவிடுவேன்.

"நான் வர்ல பாப்பா" என்றாள்.

பாஸ்போர்ட் எடுக்கப் போன அன்று நடந்ததை அப்போதுதான் சொன்னாள். விரலை ஒரு கண்ணாடி மேல் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரேகை விழவில்லை. துணியால் துடைத்து வைக்கச் சொன்னார்கள், விழவில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கி வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விரலாக அழுத்திப் பிடித்தார்கள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ ஒருவர், இந்த அம்மாவுக்கு ரேகையே இல்லையா என்று கேட்டாராம். கடைசியில் பெரிய அதிகாரி வந்து பார்த்து எப்படியோ முடித்துக் கொடுத்தார். வெளியே வந்து அப்பாவிடம்கூட அவள் சொல்லவில்லை.

"உங்க ஊர்லயும் வெரல வெக்கச் சொல்லுவாங்களாமே. வெரலு வுழலன்னா இன்னா பண்ணுவாங்க? எனக்கு ஒரு பேச்சு வராது அங்க. ஊரெல்லாம் சொல்லிக்கினு போனவ, பாதியில திருப்பி அனுப்பிட்டா?"

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்றேன்.

"உனக்கு ஆவாது. நீ படிச்சவ."

நான் அப்போது சொன்னதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதினால்தான் சரி. ஊருக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டு இப்போது வரவில்லை என்றால் எப்படி என்று கேட்டேன். எனக்கு அசிங்கமாக இருக்காதா என்று கேட்டேன்.

"அத்தாம் பாப்பா. உனக்கு அசிங்கம் வந்துடக் கூடாதுன்னுதான்" என்றாள். எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தாள். இந்த முறை அது தீர்ந்துவிடும் என்று அணைத்தது இல்லை.

6

குமரேசன் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டையில் எண்ணெய்க் கறையோடு உட்கார்ந்து கேட்டார். அவர் நிறையப் பேசும் ஆள் இல்லை.

"பாற மேல வெச்சு கேட்டா யாரு வரலன்னு சொல்லுவாங்க?" என்றார். "நீ கேக்கவே இல்ல சத்யா. ஊருக்குச் சொல்லிக்கினு இருந்த."

எனக்குச் சுருக்கென்றது.

இந்த நாட்டுக்கு வந்த முதல் மாதம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நானும் விரல் வைத்தேன். கண்ணாடிக்குக் கீழே பச்சை விளக்கு எரிந்தது. முதல் தடவையிலேயே பத்து விரலும் விழுந்தன. மிக அருமை என்றார் அந்த அதிகாரி. அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். விடுமுறைக்கு விடுதியிலிருந்து வரும்போதெல்லாம் வீடு முழுக்கப் புளி குவிந்திருக்கும். நான் கத்தியைத் தொட்டால் அம்மா பிடுங்கிவிடுவாள். போய்ப் படி என்பாள். கடுக்காய் பொறுக்கப் போனாலும் என்னை விட்டுவிட்டுத்தான் போவாள். என் விரலில் ரேகை மிச்சமிருப்பது அப்படித்தான்.

மறுநாள் விசா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். ரேகை விழாதவர்களுக்கு வழி இருக்கிறது, டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கினால் போதும் என்று பதில் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். சரி என்று கேட்டுக்கொண்டாள். அவள் குரலில் எதுவும் மாறவில்லை. வழி இருக்கிறதா என்பது இல்லை அவள் பயம். அத்தனை பேர் நடுவில் இன்னொரு முறை அந்தக் கண்ணாடி மேல் கையை வைத்து நிற்க வேண்டும், அதுதான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் பாறை இருந்தது. இரண்டு ஞாயிறாக அம்மா பாறைக்குப் போகவில்லை. வீட்டிலேயே நெட் இருக்கும்போது எதற்கு என்றாள். உண்மை அது இல்லை. போனால், எப்போது ஏரோப்ளேன், என்ன வாங்கி வருவாய் என்று கேட்பார்கள். பேரப்பிள்ளையைத் தூக்கத் தெம்பு இல்லையா, பயந்துவிட்டாளா என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு பேச்சு வந்தால் பருவம் மாறினாலும் போகாது. என் அம்மா அங்கேதான் இருக்க வேண்டும், நான் இங்கே.

அடுத்த ஞாயிறு பாறைக்கு வா என்று அம்மாவைக் கேட்டேன்.

"வூட்லயே நல்லா தெரியுதே பாப்பா."

ஒரே ஒரு தடவை, என்றேன்.

அதற்குள் இங்கே ஒன்பதாவது வாரத்தில் அந்த ஆள் வந்து என் இணைப்பையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பதினாறு. ஒப்பந்தத்தில் பதினாறு, சுவரில் பன்னிரண்டு. பேச அது போதும். இங்கே காலை ஏழு, அங்கே பதினொன்றரை. பாறையில் வழக்கத்தைவிடக் கூட்டம் ஜாஸ்தி. அம்மா தன் ஒன்றரை ஜிபியைத் திறந்தாள். முகத்தைப் பார்த்தேன். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன். இங்கே ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள், நானே நர்ஸ், எனக்கு எல்லாம் தெரியும். அம்மா வருகிறேன் என்றுதான் நிற்கிறாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படம் அறுந்துவிட்டது. பாறையில் இது வழக்கம்தான். மறுபடி வந்தபோது எல்லாத் தலைகளும் திரைக்குள் இருந்தன. பின்னாலிருந்து காசியம்மா அத்தை, ஊர் மரியாதைப்படி, எடுத்துக் கொடுத்தார்.

"அம்மா வேணாம்னு சொன்னியே, அங்க நிக்குது."

நான் அங்கிருந்து தொடர்ந்தேன். வேண்டாம் என்று இரண்டாவது முறையும் சொன்னேன். முதல் முறையைவிட அது கஷ்டமாக இருந்தது.

"படிச்ச பொண்ணு" என்றார் அத்தை, அம்மாவிடம், என் காது கேட்க. "பெத்தவளே வெளியாளா பூட்டா. நாளைக்கு அந்தப் புள்ள இவள வெளியாளுங்கும், அப்பத் தெரியும்."

சிலர் ஆமாம் என்றார்கள். இன்னொருவர், இதுக்குத்தான் பொண்ணை அவ்வளவு தூரம் படிக்க வைக்கக் கூடாது என்றார். மலையில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கன்னம் சுட்டது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியதும் தலையை லேசாக, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஆட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். "செரி, உடம்ப பாத்துக்க" என்றாள். நெட்டை அணைத்தாள்.

பாறையிலிருந்து வீட்டுக்கு இறங்க இருபது நிமிடம் ஆகும். இருபத்தைந்தாவது நிமிடம் அழைப்பு வந்தது. போனைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு அம்மா புளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் ஓட்டை உடைத்தாள், நாரை இழுத்தாள். நான் எழுந்து போய்க் கஞ்சி வைத்தேன், துணி மடித்தேன். குமரேசன் வந்து திரையைப் பார்த்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது வேலையை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது தெரிந்ததும் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவளுக்குச் சமையல் வேலை இருக்குமே என்று கேட்டேன்.

"வெச்சிடட்டுமாம்மா?"

அம்மா கொட்டையைத் தள்ளிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"இருக்கட்டும். தீராதுன்னு சொன்னியே."